மொத்தமும் வெச்சாச்சு, நீ காட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. அதை மறைத்து, ஏதோ விடியற்காலை அமைதியில் உதித்ததுபோல எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பாதி முகத்தில் சோப்பு நுரையும் கழுத்தில் துண்டுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அது வந்து மடியில் விழுந்தது.

பக்கத்து நாற்காலியில், கைப்பிடிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு ஒரு சின்னப் பெண்ணை ஏற்றி வைத்திருந்தார்கள். முடி வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஒரே அடம். அவள் அப்பா கெஞ்சினார். மிரட்டினார். ஐஸ்கிரீம் உண்டு என்றார், பிறகு ஐஸ்கிரீம் கிடையாது என்றார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குள் தெரிந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

“மொத்தமும் வெச்சாச்சு. நீ காட்டு.”

கத்தரிக்கோல் நின்றது. தன்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. “சரி, எறங்கு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றார். தலை நிறைய முடியோடு அவள் வெற்றி ஊர்வலமாகப் போனாள். நான் சிரிக்கப் போய், “சார், ஆடாதீங்க, கத்தி இருக்கு” என்று திட்டு வாங்கினேன்.

அந்தப் பெண் சீட்டுக்கட்டைக் கையால் தொட்டிருக்க மாட்டாள். அவள் சொன்னதோ அசல் போக்கர் மேசை வாக்கியம். எங்கோ ஒரு வெளிநாட்டுப் படத்தில் வந்து, தமிழில் குரல் மாறி, தெருவுக்கு இறங்கி, இங்கே பலகைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை முதன்முதலில் யார் சொன்னார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் அந்த மேசையில் இருந்தேன்.

தெரிந்துகொண்டு எழுதாமல் இருப்பது, வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டு சப்பாமல் இருப்பது மாதிரி. எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஒலிப்பதிவுக்கூடத்தின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு அவள்

[வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை. கூடத்துக்குள் இருப்பவர்களுக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரியவும் தெரியாது.]

இரண்டாம் தொடக்கம்: மனித வாழ்க்கையே ஒரு சீட்டாட்டம்தான் என்று

[ஐயோ.]

மூன்றாம் தொடக்கம் கீழே. இதை விடுவதாக இல்லை.

2

அவளைக் கூடத்தில் எல்லோரும் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் படங்களில் வரும் தங்கைகளுக்கெல்லாம் குரல் கொடுத்தாள். அழுகிற தங்கை, ஓடிப்போகிற தங்கை, கடத்தப்படுகிற தங்கை. பிறகு கதாநாயகிகளுக்கு உயர்ந்தாள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கணவர் போய்ப் பல வருடம். மகள் பல் மருத்துவர். இருந்தாலும் கூடத்தின் முதலாளியிலிருந்து, நேற்று மீசை முளைத்த தயாரிப்பாளர் வரைக்கும் அவள் தங்கச்சிதான். அவளைவிட இளையவனான நான் மரியாதை கெடக்கூடாதென்று ‘தங்கச்சியக்கா’ என்பேன்.

நான் அங்கே வசனம் எழுதுகிறவன். திரையில் உதடு எப்படி அசைகிறதோ அதற்குப் பொருந்தும் தமிழைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. மூடிய உதட்டுக்கு ‘ம’வோ ‘ப’வோ வேண்டும், திறந்த வாய்க்கு ‘ஆ’ வேண்டும். நடிகை கொட்டாவி விட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

அவளுக்கு ஜோடியாகப் பேசுகிறவர் இடி. குரலைக் கேட்டு வைத்த பெயர். ஆளைப் பார்த்திருந்தால் தூறல் என்று வைத்திருப்பார்கள். ஒல்லி, குள்ளம், கூச்சம், எப்போதும் வாயில் ஒரு தொண்டை மிட்டாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்வதற்குள் மிட்டாய் கரைந்துவிடும்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சிங்கக்குரலும் கோழிக்குஞ்சு உடம்புமாக ஒரு ஆளை எழுதினால், சிரிக்க வைப்பதற்காக நானே செய்த பொம்மை என்று வாசகர் நினைக்கலாம். பாதி வரைவில் அவரைக் கொஞ்சம் உயரமாக்கிப் பார்த்தேன். உயரமானதும் அவர் வேறு ஆளாகிவிட்டார், என் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பவும் குள்ளமாக்கிவிட்டேன்.]

பதினெட்டு வருடமாக இருவரும் திரையில் காதலர்கள். எத்தனை கல்யாணம், எத்தனை பிரிவு, எத்தனை விமான நிலைய ஓட்டம்! ஆனால் இந்தத் தொழிலில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்ப்பார்கள். காலையில் அவர் வந்து, “உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் அவள் வந்து, காதில் அவர் குரலை மாட்டிக்கொண்டு, காலியான அறையைப் பார்த்துப் பதில் சொல்வாள். அவர் எந்த வார்த்தைக்கு முன்னால் மூச்சு இழுப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். அவரோடு சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது.*

* வரைவைப் படித்துவிட்டுத் தங்கச்சியக்கா சொன்னது: “ஒரு தடவை பன் சாப்பிட்டோம். கரண்ட் போன அன்னிக்கு. அதை ஏன் விட்டுட்டே?” சேர்த்துவிட்டேன்.

3

வந்து சேர்ந்தது ஒரு வெளிநாட்டுப் படம். எங்கள் யாருக்கும் தெரியாத மொழி. கதாநாயகி கப்பலில் சீட்டாடி ஊரை ஏமாற்றுகிறவள், கதாநாயகன் அவளைப் பிடிக்க வந்து மனம் மாறுகிறவன். கடைசியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போக்கர் ஆடுகிறார்கள். படமே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. படத்தை வாங்கியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “அந்த சீன் கைதட்டல் வாங்கணும். இல்லேன்னா இனிமே என் படமெல்லாம் வேற ஸ்டூடியோவுக்கு.” படத்தோடு எங்கோ செய்து வாங்கிய ஒரு மொழிபெயர்ப்பையும் அனுப்பியிருந்தார்.

அபூர்வமாக அன்றைக்கு இருவரையும் சேர்த்தே வரவழைத்திருந்தார்கள், சும்மா வாசித்துப் பார்க்க. இடி தாளைப் பிடித்துக்கொண்டு, அறை அதிர, முழங்கினார்:

“நான் அழைக்கிறேன்!”

தங்கச்சி கேட்டாள், “எங்க, கல்யாணத்துக்கா?”

“அப்படித்தாங்க எழுதியிருக்கு.” இடியின் காது சிவந்தது. “அடுத்தது உங்களுது.”

அவள் தன் வரியைப் பார்த்தாள். “நான் எழுப்புகிறேன்... யாரை எழுப்பணும்? தூங்கறவங்களையா?”

“எனக்கு அடுத்து ‘நான் மடிக்கிறேன்’னு இருக்கு.”

“மடிங்க. சட்டையா, பாயா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவரை நாங்கள் ‘காது’ என்போம். “அந்த இங்கிலீஷ் வார்த்தையையே வெச்சிடலாமே சார்” என்று ஒலிபெருக்கியில் யோசனை சொன்னார். வைத்துப் பார்த்தோம். இடி மறுபடி முழங்கினார்: “கால்!”

“காலுக்கு என்னாச்சு?” என்றாள் தங்கச்சி.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

4

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் எத்தனை பேர் போக்கர் ஆடியிருக்கிறோம்? நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால் அது நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறோம். புகை, தொப்பி, உள்ளறையிலும் கறுப்புக் கண்ணாடி, நடுவே தொங்கும் ஒற்றை விளக்கு. ஒருவர் நாலு ராஜாவைக் காட்டுவார், எதிரே இருப்பவர் நிதானமாக நாலு ஏஸைப் பரப்புவார். யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பார். இவ்வளவையும் திரைதான் கற்றுக்கொடுத்தது. இந்த ஆட்டம் ஆடியவர்களால் பரவியதைவிடப் பார்த்தவர்களால் பரவியது அதிகம்.

பிறகு அது திரையைவிட்டு இறங்கிவிட்டது. செய்தித்தாளில் அமைச்சர் கடைசிச் சீட்டை இறக்குகிறார். வர்ணனையாளர், பந்து வீசுகிறவருக்கு எதையும் வெளிக்காட்டாத போக்கர் முகம் என்கிறார். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கழிப்பறைச் சாமான் கடை. பெயர் ‘ராயல் ஃப்ளஷ்’. பலகையில் ஐந்து சீட்டு விசிறிபோல விரிந்திருக்கும். உள்ளே போய்க் கேட்டேன். “அது சீட்டுல ரொம்பப் பெரிய விஷயமாமே சார்” என்றார் கடைக்காரர். “பெயிண்டர்தான் சொன்னார். நமக்கு ஃப்ளஷ் நல்லா வேலை செஞ்சா போதும்.”

ஆக, ஆட்டம் தெரியாத ஒரு வசனகர்த்தா, ஆட்டம் தெரியாத இரண்டு குரல்களுக்கு, ஆட்டம் தெரியாத ஊருக்காக, ஆட்டத்தின் வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

[இதற்கு மேல் கட்டுரை நீண்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அங்கேதான் கதை இருக்கிறது. சேர்ந்தே போகலாம்.]

5

தங்கச்சிதான் வழி சொன்னாள். “வார்த்தை எப்படி வரும்? ஆடினாத்தான் வரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க. என் பொண்ணுக்குத் தெரியும், ஹாஸ்டல்ல ஆடியிருக்கா. என்கிட்ட மறைச்சதா நினைப்பு.”

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. வேறொரு படத்துக்காக அவள் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். நடுவே ஓய்வு. காது இங்கிருந்து ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, வம்பு பேசுகிற சந்தோஷத்தில் சொன்னார்: “தங்கச்சி, தெரியுமா? நம்ம இடி சார் மாசக் கடைசியில ஊரைக் காலி பண்றாராம். அவங்க அக்கா ஊருக்கே போறாராம். இந்தக் கப்பல் படம்தான் கடைசி.”

“அப்படியா? நல்லது. அங்க காத்து நல்லா இருக்கும். தொண்டைக்கு ஒத்துக்கும்.”

தெளிவான, இதமான, துளி நடுக்கமில்லாத குரல். காது தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார். நான் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேரை இழுத்துக்கொண்டு போன பிறகு வெறிச்சென்று கிடக்கும் தெரு மாதிரி இருந்தது அது.

[ஓர் ஒப்புமை போட்டுவிட்டேன். போகட்டும், அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.]

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குரல் கொடுக்கிறவர்கள் குரலை ஆள்வார்கள். முகத்தை ஆளவே மாட்டார்கள். தேவையே வந்ததில்லை. இருட்டறையில் யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு செல்ல முத்தச் சத்தத்துக்கு அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். போக்கர் முகத்துக்கு நேர் எதிரான முகம் உலகத்தில் எங்காவது இருந்தால் அது ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் இருக்கும்.

6

ஞாயிறு மத்தியானம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து நான்கு பேர் உட்கார்ந்தோம். தங்கச்சி, இடி, நான், மகள். மகள் சீட்டைக் கலைத்துக்கொண்டே சட்டத்தைச் சொன்னாள்.

“ஆளுக்கு ரெண்டு சீட்டு, யாருக்கும் காட்டக்கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு, அது பொது. ரெண்டையும் சேத்து யாருக்கு நல்லா அமையுதோ அவங்க ஜெயிச்சாங்க. நடுவுல நடுவுல பந்தயம் வெக்கணும். சீட்டு மோசமா இருந்தாலும் பிரமாதமா இருக்கற மாதிரி வெச்சு மத்தவங்களை விரட்டிடலாம். அவ்வளவுதான்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற வேலை” என்றாள் தங்கச்சி.

“அதேதான்மா. உனக்கு வராது.”

பந்தயம் வைக்க என்ன? காசு வேண்டாம் என்று முன்பே முடிவு. இடி பையைத் திறந்து தொண்டை மிட்டாய்களைக் கொட்டினார். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஆளுக்கு ஒரு கைப்பிடி. “பல் டாக்டர் வீட்டுல இப்படி ஒரு ஆட்டமா!” என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் கையில் பேனாவோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் தானாக வந்து கொட்டியது. ‘நான் மடிக்கிறேன்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. மகள் சீட்டைப் போட்டுவிட்டு, “நான் கழண்டுக்கறேன்ப்பா” என்றாள். ‘எழுப்புகிறேன்’ போய் “ஏத்தறேன்” வந்தது. ‘அழைக்கிறேன்’ இருந்த இடத்தில் இடி, பந்தயத்துக்குப் பந்தயம் மிட்டாயைத் தள்ளிவிட்டு, மெதுவாக, “பாத்துடலாங்க” என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் என் சீட்டையே எல்லோருக்கும் காட்டிவிட்டேன்.

தங்கச்சி தோற்றுக்கொண்டே இருந்தாள். நல்ல சீட்டு வந்தால் அவள் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஆகிவிடும். கெட்ட சீட்டு வந்தால் பரீட்சை முடிவு பார்த்த பிள்ளைபோல ஆவாள். “அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சொல்வாங்க. உனக்கு அகத்துல இருக்கற சீட்டே தெரியுதும்மா” என்றாள் மகள்.

இடியும் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கு நல்ல சீட்டு வந்தால் படபடப்பில் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். பந்தயத்தில் வைக்க வேண்டியதைத் தின்றால் செல்வம் எங்கே தங்கும்? அவர் முன்னால் காகிதங்கள் குவிந்தன.

“நீங்க ஒண்ணு பண்ணுங்க” என்று அவர்தான் அவளிடம் சொன்னார். “நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கங்க. எங்களுக்கு முதுகைக் காட்டி ஆடுங்க.”

திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முகம் போனதும் குரல் எழுந்து நின்றது. “ஏத்தறேன்” என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னால், நாங்கள் மூன்று பேரும் சீட்டைப் போட்டுவிட்டுக் கழன்றுகொள்வோம். பெருமூச்சு ஒன்று விடுவாள், பாவம் ஒன்றுமில்லை போல என்று நாங்கள் துணிவோம், சீட்டைப் புரட்டினால் ஏஸ் ஜோடி நிற்கும். இத்தனை வருடத் தொழில் அனுபவம் எங்கள் மிட்டாயையெல்லாம் வாரிக்கொண்டு போனது. தொடர்ந்து ஜெயித்துச் சுவரோடு சேர்ந்து சிரித்தாள்.

மகள் சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது நானும் பின்னால் போனேன். அவள் தணிந்த குரலில் கேட்டாள், “மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? ஊரே அம்மாவைத் தங்கச்சிங்குது. இடி சார் மட்டும் இதுவரைக்கும் சொல்லலை. ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘நீங்க’. ஏன் மழுப்பறார்?”

யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. தமிழில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் ஒரு கதவைச் சாத்திப் பூட்டியதுபோல். அந்த மனிதர் இத்தனை காலமாக அந்தக் கதவைக் காலால் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருந்திருக்கிறார், உள்ளே மட்டும் வரவில்லை.*

* தங்கச்சியக்கா: “இதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல பேசினீங்களா? எனக்குத் தண்ணி மட்டும்தான் வந்தது.”

7

கடைசி ஆட்டம். இதற்கு மூன்று வரைவு இருக்கிறது.

நடுவே ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன. அதில் இரண்டு ராணி. நானும் மகளும் கழன்றுகொண்டோம். இடி ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார், இன்னொன்றையும் பிரித்தார். அவர் கையில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று சுவருக்கும் தெரிந்திருக்கும், அந்தக் காகிதச் சத்தத்தில்.

தங்கச்சி தன் இரண்டு சீட்டையும் பார்த்தாள். ஆர்ட்டின் மூன்று, இஸ்பேடு எட்டு. எதற்கும் உதவாத சீட்டுகள். முதுகைக் காட்டியபடியே அவள் குரலால் அவரை விரட்டியிருக்கலாம். இடி பயந்து ஓடியிருப்பார்.

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கினாள். இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் எல்லாம் இருந்தது: கையில் ஒன்றுமில்லை என்பது, வெள்ளிக்கிழமை கேட்ட செய்தி, அதற்குப் பிறகு தூங்காதது, எல்லாம். அதை மறைக்க அவள் ஒரு சின்ன முயற்சிகூடச் செய்யவில்லை. இரண்டு கையாலும் மிட்டாய்க் குவியல் முழுவதையும் நடுவே தள்ளினாள்.

“மொத்தமும் வெச்சாச்சு. நீ காட்டு.”

நீ.

பதினெட்டு வருடமாக ‘நீங்க’. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் வரைவில், இடி தன் வெற்றிச் சீட்டை மேசையில் கவிழ்த்துவிட்டு, “நான் கழண்டுக்கறேன்” என்று விட்டுக்கொடுக்கிறார். அவள் கண் கலங்குகிறாள். அந்தக் கப்பல் படத்தில் கதாநாயகன் செய்வதும் இதுதான். அதனாலேயே அடித்துவிட்டேன். நம் ஆட்கள் படத்தைப் பார்த்து ஆடவில்லை, படம்தான் அவர்களைப் பார்த்துப் பேசப்போகிறது.

இரண்டாம் வரைவில், மகள் ஏதோ சொல்லி

[அதுவும் வேண்டாம். மகளை வைத்து முடிச்சை அவிழ்ப்பது சோம்பேறித்தனம்.]

நடந்தது இது. இடி “பாத்துடலாங்க” என்று சொல்ல வாயெடுத்தார். தன் முன்னால் பார்த்தார். மிட்டாய் ஒன்றும் இல்லை, எல்லாம் காகிதம்.

“வெக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே” என்றார்.

“இருக்கறதை வைங்க” என்றாள் தங்கச்சி. நீ மறுபடி நீங்கவாகிவிட்டது.

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக நீவினார். வாயிலிருந்த மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினார். பிறகு, இடியும் இல்லாமல் தூறலும் இல்லாமல், நான் அதுவரை கேட்டேயிராத சாதாரண மனுஷக் குரலில் சொன்னார்:

“ஊருக்குப் போறதை வெக்கறேன். தோத்தா, போகலை.”

மகள் என் கையைக் கிள்ளினாள். இப்போதும் அந்த இடம் வலிக்கிறது.

“காட்டுங்க” என்றாள் தங்கச்சி.

காட்டினார். கிளாவர் ராணி. மேசையில் இரண்டு, கையில் ஒன்று, மூன்று ராணி. மறுக்க முடியாத வெற்றி. அவளுடைய மூன்றும் எட்டும் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தன. உலகத்தில் மூன்று ராணியை வைத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். திரையில் கதாநாயகனுக்குத் தேவையான சீட்டு கடைசி நொடியில் வரும். இவருக்குத் தேவைப்படாத சீட்டு வந்து தொலைத்தது.

“ஜெயிச்சுட்டேன்” என்றார், யாரோ செத்த செய்தி சொல்வதுபோல.

தங்கச்சி சீட்டுகளையெல்லாம் வாரி மகளிடம் தள்ளினாள்.

“இன்னொரு ஆட்டம் போடு.”

“அம்மா, உன்கிட்ட பந்தயம் வெக்க—”

“போடுடி.”

மகள் கலைத்தாள். ஆளுக்கு இரண்டு போட்டாள். எனக்கு விழுந்தது எதுவென்று நான் பார்க்கவே இல்லை. இடியும் பார்க்கவில்லை. தன் முன்னால் கவிழ்ந்து கிடந்த இரண்டு சீட்டின் மேலும் ஒரு விரலை வைத்தார். தொட்டுத் தூக்கக்கூட இல்லை, அப்படியே மேசையின் நடுவுக்கு நகர்த்தினார்.

“நான் கழண்டுக்கறேன்.” பிறகு, மிகவும் அவசரமாக, எங்கே யாராவது இடையில் புகுந்துவிடுவார்களோ என்பதுபோல: “தோத்துட்டேன். தோத்துட்டேன்ல? போகலை.”

மகள் அந்த இரண்டு சீட்டையும் புரட்டினாள். ஒன்று இரண்டு, ஒன்று ஏழு, வேறு வேறு ஜாதி. “இதைவிட மட்டமான சீட்டு இந்த ஆட்டத்துலயே கெடையாது சார்! எப்படியும் தோத்திருப்பீங்க!” என்று கத்தினாள்.

தங்கச்சி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் தொழிலில் எத்தனையோ சிரிப்பு சிரித்திருக்கிறாள், வெட்கச் சிரிப்பு, ஏளனச் சிரிப்பு, பைத்தியச் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் கூலி வாங்கியிருக்கிறாள். இது எதிலும் சேராதது. நிறுத்த முடியாமல், மூக்கில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இடி முதலில் மலங்க விழித்தார். பிறகு அவரும் சிரித்தார். அப்போது அலமாரியில் இருந்த பாத்திரங்கள் அதிர்ந்தன என்று எழுத ஆசை.*

* மகள்: “அதிர்ந்தது மாமா. எழுதுங்க.” சரி, அதிர்ந்தன.

8

புதன்கிழமை பதிவு. காது இரண்டு பேருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

“ஒரே மைக்ல எடுக்கணும்” என்றாள் தங்கச்சி.

“தங்கச்சி, பிரிக்க முடியாது அப்புறம். ஒருத்தர் தப்புப் பண்ணா ரெண்டும் போச்சு.”

“போகட்டும்.”

திரையில் கப்பல் ஆடியது. கதாநாயகியின் உதடு மூடித் திறந்தது, அதில் ‘மொத்தமும்’ போய் அச்சு வார்த்ததுபோல் உட்கார்ந்தது. ஒரே டேக். காது ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

அந்த வரியில் ‘நீ’ வந்தது எப்படி என்று பிறகு நான் தங்கச்சியக்காவிடம் கேட்டேன். “படத்துல காதலிக்கறவனை நீன்னுதானே சொல்லுவா? ஒத்திகை பாத்தேன்.” குரலில் சுத்தமாக ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்தேன். “எதுக்கு உத்துப் பாக்கறே?” என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

படம் ஓடியது. கைதட்டல் வந்தது, படத்தை வாங்கியவர் அடுத்த படத்தையும் எங்களுக்கே கொடுத்தார். வரி தெருவுக்குப் போனது. பழக்கடைக்காரர் பேரம் பேசுகிறவரிடம் சொன்னார், ஆட்டோக்காரர் சொன்னார், ஒரு கல்லூரி மாணவி விடைத்தாளின் கடைசியில் எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி. எவரும் போக்கர் ஆடவில்லை. ஆனால் கையில் இருப்பதையெல்லாம் நடுவே தள்ளிவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேளை எல்லோருக்கும் வருகிறது. அதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இடி ஊருக்குப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் போய்க் காலி செய்வதாகச் சொன்னதை வாபஸ் வாங்கினார். ஊரிலிருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, “தோத்துட்டேன்க்கா” என்றாராம். எதில் என்று அந்த அம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

9

இப்போது முடிவு.

கல்யாண முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். மகள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாள், காது

[தங்கச்சியக்கா இதைப் படித்துவிட்டு, “இது நடந்ததா, நடக்கப் போகுதா, இல்ல உன் ஆசையா?” என்று கேட்டாள். “எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்களேன்” என்றேன். “உனக்கு எதுக்கு?” என்றாள். நிறுத்திவிட்டேன்.]

இருவரும் கடைசிவரை நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள் என்றும் ஒன்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இடி மட்டும் ஒரு மிட்டாயைப் பிரித்தார். அதையும் அடித்துவிட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கொடுக்கிறேன். புதன்கிழமை, அந்த ஒரே டேக் முடிந்த உடனே நடந்தது. கதையின் வரிசையில் முன்னால் வர வேண்டியது, இதற்காகவே பிடித்து வைத்திருந்தேன்.

பதிவு நடக்கும்போது எரிகிற சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மைக்கை மூடியாயிற்று. இருவரும் வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சத்தம் இல்லை, படம் மட்டும். காதின் விரல் மைக் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம். அவர் விரலை எடுத்துக்கொண்டார். அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருக்க எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்குக் கடவுள் சாட்சி.

இடி ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. நடுவில் இரண்டு இடத்தில் உதடு மூடியது, ஓர் இடத்தில் மூச்சு இழுத்தார். கடைசி வார்த்தையில் அவர் வாய் வட்டமாகக் குவிந்து அப்படியே நின்றுவிட்டது.

தங்கச்சி தாளை மடித்தாள், விரித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம்! எந்தப் போக்கர் மேசையிலும் ஒரு நிமிடம் தாங்காத முகம். உதடு பிரிந்தது, சிரிப்பில் அகன்றது, மூடியது. சின்ன வார்த்தைதான். அந்த அளவுக்குத் தமிழில் எத்தனையோ இருக்கின்றன.

உதடு படிப்பது என் தொழில். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் வாய்க்கு நான் எழுதியது போதும்.

படத்தை ஒருமுறை பின்னுக்கு ஓட்டியாயிற்று. அதோ, அவர் கேட்டு முடிக்கிறார். அவள் தாளை மடிக்கிறாள், விரிக்கிறாள், நிமிர்கிறாள். உங்கள் அறையில் விளக்கு சிவப்பாகிவிட்டது. உதட்டைப் பார்த்து, நீங்கள் பேசுங்கள்.